தராசு கேட்ட உடல்

‘பொறியும் உயிரும்’ வரலாற்றுத் தொடர் – 14

பல்லடத்தில் கறிக்கோழிக்குத் தினமும் ஒரு விலை அறிவிக்கிறார்கள். கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு சொல்லும் அந்தப் பண்ணைக் கொள்முதல் விலை, உயிருடன் உள்ள கோழியின் ஒரு கிலோவுக்கானது. நிறத்துக்கோ நடைக்கோ கொண்டையின் அழகுக்கோ அதில் ஒரு பைசா கிடையாது. கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். விவசாயி செட்டும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் தருவார். செட்டில் கொண்டுவந்து விடும்போது நாற்பது கிராம் சொச்சம் இருக்கும் குஞ்சு, நாற்பது நாற்பத்தைந்து நாளில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். கோழி பிடிக்கும் அன்று லாரிக்குப் பக்கத்தில் தராசு வந்து நிற்கும். தின்ற தீவனத்தை ஏறிய எடையால் வகுத்தால் வரும் எண்ணுக்கு எஃப்.சி.ஆர். என்று பெயர். வளர்ப்புக் கூலி ஏறுவதும் இறங்குவதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். பல்லடத்துக்குக் குஞ்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே, அதன் பாட்டன் பூட்டன்கள் இருந்த வெளிநாட்டு இனவிருத்திக் கூடங்களிலும் இதே தராசுதான் நடுவர். அந்த நடுவர் என்ன செய்தார் என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அப்பட்டமாகக் காட்டியது. 1957-ஆம் ஆண்டின் கோழி மரபையும் 1978-இன் மரபையும் கலப்பில்லாமல் காத்து வைத்திருந்தார்கள். அவற்றையும் 2005-இன் வணிகக் கோழியையும் ஒரே தீவனம் போட்டு ஒன்றாக வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம்.

அந்த நாலேகால் கிலோ உடலை யாரும் வரைபலகையில் வரையவில்லை. நெஞ்சுச் சதை இத்தனை அகலம் என்று எந்தப் பொறியாளரும் கணக்குப் போடவில்லை. தலைமுறைதோறும் நிறுத்துப் பார்த்து, கனத்தவற்றைப் பெற்றோராக வைத்துக்கொண்டார்கள். உடல் வந்து சேர்ந்தது. இத்தொடரில் இதுவரை பார்த்த ரோபோக்கள் எல்லாம் முதலில் ஒருவர் மனதில் நடந்து, பிறகு தரையில் நடந்தவை. இந்த இதழில் வருபவை கறிக்கோழி வந்த வழியில் வந்தவை. கணினிக்குள் நூற்றுக்கணக்கில் பிறந்து, ஓடிக் காட்டி, பெரும்பாலும் செத்து, மிஞ்சியவை குட்டி போட்டு உருவானவை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் இயந்திரத்தின் கற்பனையை வியந்து சொல்வது வழக்கம். என் கட்சி வேறு. மாற்றத்தை உண்டாக்க ஒரு பகடை போதும். இப்படி உருவங்களைப் பரிணமிக்க வைக்கும் துறையின் அறுபதாண்டு உழைப்பில் பெரும்பகுதி, நடுவரைத் திருத்துவதிலேயே கழிந்திருக்கிறது. ஆலன் டூரிங் 1950-லேயே இதைத் தொட்டுவிட்டார். அறிவுள்ள இயந்திரத்தைக் குழந்தையைப் போல வளர்த்தெடுக்கலாம் என்று எழுதிய கட்டுரையில், இயற்கைத் தேர்வு இருந்த இடத்தில் அவர் உட்கார வைத்தது சோதனை செய்பவரின் தீர்ப்பை. டார்வினும் 1859-இல் தம் நூலைக் காட்டு விலங்குகளிலிருந்து தொடங்கவில்லை. மனிதர் வளர்த்த புறாக்களிலிருந்தே தொடங்கினார்.

முதல் உருப்படியான சோதனை 1964-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இங்கோ ரெஷன்பெர்க், ஹான்ஸ்-பால் ஷ்வெஃபெல், பீட்டர் பீனெர்ட் என்று மூன்று மாணவர்கள். ஆறு பட்டைகளை ஐந்து கீல்களால் இணைத்து, மடித்த விசிறி போல ஒரு தகட்டைச் செய்து, காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்தார்கள். ஒவ்வொரு கீலையும் 51 நிலைகளில் நிறுத்தலாம். மொத்தம் 34 கோடிக்கு மேற்பட்ட வடிவங்கள் வரும். ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயுள் போதாது. எந்தக் கீலை எவ்வளவு திருப்புவது என்பதை ஆணி அடித்த பலகையில் குண்டு உருட்டி முடிவு செய்தார்கள். நம் ஊர்த் திருவிழாக்கடைகளில் காசு வைத்து ஆடும் ஆணிப்பலகைக்கு அது தூரத்து உறவு. திருப்பிய பிறகு காற்றின் இழுவை குறைந்தால் புது வடிவம் நிலைக்கும், கூடினால் பழையதுக்கே திரும்புவார்கள். சில நூறு முயற்சிகளில் அந்தக் கோணல்மாணல் தகடு ஏறத்தாழ நேராகப் படுத்துவிட்டது. காற்றுக்குத் தட்டைத் தகடே இடைஞ்சல் குறைவு என்பது முன்பே தெரிந்த விடை. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து முறையைச் சோதித்தார்கள். பின்னாளில் ஷ்வெஃபெல், வளையங்களை அடுக்கிச் செய்த ஒரு நீராவித் தாரைக் குழாயை இதே முறையில் மாற்றி மாற்றிப் பார்த்தபோது, நடுவில் புடைத்தும் சுருங்கியும் போகும் விசித்திர வடிவம் வந்தது. எந்தப் பொறியியல் பாடநூலிலும் இல்லாத வடிவம், ஆனால் வேலை செய்தது. இந்தச் சோதனைகள் சிக்கலில்லாமல் முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே தீர்ப்புச் சொன்னது உண்மையான காற்றும் உண்மையான நீராவியும். அவற்றை ஏமாற்ற எந்த வடிவத்தாலும் முடியாது.

ரோபோவின் நடத்தைக்கு வந்ததும் நிலைமை மாறியது. சுவிட்சர்லாந்தின் லொசானில் 1994-இல் டாரியோ ஃப்ளோரியானோ, ஃபிரான்செஸ்கோ மொண்டாடா இருவரும் கெப்பெரா என்ற சின்ன ரோபோவை எடுத்துக்கொண்டார்கள். விட்டம் 55 மில்லிமீட்டர், இரண்டு சக்கரம், சுற்றிலும் எட்டு உணரிகள். சுவரில் மோதாமல் சுற்றிவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. வேகமாகச் சக்கரம் சுழன்றால் மதிப்பெண் என்று மட்டும் வைத்தால் என்ன ஆகும்? நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும் ரோபோ முதல் பரிசை வாங்கிக்கொண்டு போய்விடும். ஆகவே மதிப்பெண்ணை மூன்று உறுப்புகளின் பெருக்கலாக வைத்தார்கள்: சக்கரம் வேகமாகச் சுழல வேண்டும், இரண்டு சக்கரமும் ஒத்துச் சுழல வேண்டும், உணரிகளில் சுவரின் நிழல் விழக்கூடாது. பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்ஜியமானால் எல்லாம் போச்சு. ஒரு தலைமுறைக்கு 80 ‘உயிர்கள்’. ஒரே ரோபோவுக்குள் ஒவ்வொன்றாக மூளையை மாற்றி ஓட விட்டார்கள். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 40 நிமிடம், நூறு தலைமுறை. முடிவில் ரோபோ சுவர் தொடாமல் வளைந்து வளைந்து ஓடியது மட்டுமின்றி, தனக்கு ஒரு முன்பக்கத்தையும் தேர்ந்துகொண்டது. வட்ட உடம்பில் முன் பின் கிடையாது. ஆனால் உணரிகள் ஒருபுறம் ஆறும் மறுபுறம் இரண்டுமாக இருந்தன. ஆறு உள்ள பக்கமே முகமாயிற்று. யாரும் கேட்காத இந்த முகத்தைக் காட்டி, இயந்திரத்தின் கற்பனைக்கு இது சாட்சி என்பார்கள். சாட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் சுவரை விட்டு விலகச் சொன்ன மூன்றாவது உறுப்பை எடுத்துவிட்டால், அந்த முகத்துக்குப் பயனே இல்லை.

அதே 1994-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்த சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் கார்ல் சிம்ஸ் காட்டிய படம் இந்தத் துறையையே உலகறியச் செய்தது. செங்கல் செங்கலாக அடுக்கியது போன்ற உடல்கள். சில நீந்தின, சில தவழ்ந்தன, சில ஒளியைத் துரத்தின. உடலும் அதை அசைக்கும் நரம்பு வலையும் சேர்ந்தே பரிணமித்தவை அவை. அதற்குமுன் பெரும்பாலும் உடலை மனிதர் கொடுத்து, புத்தியை மட்டும் கணினி தேடியது. ஒரு தலைமுறைக்கு 300 உருவங்கள், நூறு தலைமுறை. 32 செயலிகள் கொண்ட சி.எம்.-5 என்ற கணினியில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சிம்ஸின் கட்டுரையில் எனக்குப் பிடித்தது நீந்தும் பாம்புகள் அல்ல. அவர் போகிற போக்கில் ஒப்புக்கொள்ளும் தொல்லைகள். வேகமாக இடம்பெயர்ந்தால் மதிப்பெண் என்றதும், சில உருவங்கள் நெடுநெடுவென்று பனைமரமாக வளர்ந்து, அப்படியே குப்புற விழுந்தன. விழும்போது தலை வெகுதூரம் போகிறதல்லவா, அது இடப்பெயர்ச்சிதானே! நடக்கக் கற்பதைவிட விழுவது சுலபம். ஆகவே சிம்ஸ், உருவத்தை முதலில் விழவிட்டு, அசைவு அடங்கிய பிறகே ஓட்டத்தை அளக்கத் தொடங்கும்படி விதியை மாற்றினார். கணினிக்குள் எழுதிய இயற்பியலில் எங்காவது ஓட்டை இருந்தால், அதன் வழியாகச் சும்மா கிடைக்கும் விசையை இந்த உருவங்கள் தவறாமல் கண்டுபிடித்துவிடும் என்றும் எழுதினார். தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலைந்து இடம் தள்ளி நேரும் தோராயப் பிழைகூட அவற்றுக்குத் தீனி. வரி விதியில் சந்து தேடும் ஆடிட்டரைப் போல, அவை செய்தது குற்றமுமில்லை. விதியில் எழுதியிருந்ததைத்தான் செய்தன.

கணினிக்குள் ஓடுவது ஒன்று, தரையில் ஓடுவது வேறு. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஹாட் லிப்சனும் ஜோர்டன் பொல்லாக்கும் 2000 ஆகஸ்ட் மாதம் நேச்சர் இதழில் வெளியிட்ட கோலெம் ஆய்வு அந்த இடைவெளியை அளந்தே காட்டியது. குச்சிகள், மூட்டுகள், நீண்டு சுருங்கும் சில இயக்கிகள், இவைதான் மூலப்பொருள். ஒன்றுமே இல்லாத 200 உருவங்களில் தொடங்கி, சில நூறு தலைமுறைகளில் நகரும் உருவங்கள் வந்தன. வென்றவற்றை முப்பரிமாண அச்சு இயந்திரம் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்தது. மோட்டாரைச் செருகும் வேலை மட்டும் மனிதர் கைக்கு. முக்கோணக் கூம்பு போன்ற ஒன்று சிமுலேஷனில் 38.5 சென்டிமீட்டர் நகர்ந்தது. தரையிலும் ஏறத்தாழ அதே தூரம். ஆனால் அம்பு போன்ற இன்னொன்று திரையில் 59.6 சென்டிமீட்டர் போய், தரையில் 22.5 தான் போனது. மூன்றாவது, திரையில் 85 சென்டிமீட்டர் தள்ளிக்கொண்டு போனதற்கு, தரையில் 23-ஐத்தான் எட்டியது. கால்கள் வழுக்கின. தரையின் உராய்வைச் சிமுலேஷன் தாராளமாக எடை போட்டிருந்தது, அதை நம்பியே அந்த உடல்கள் வளர்ந்திருந்தன. இதற்கு மருந்தை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் நிக் ஜக்கோபி 1995-லேயே சொல்லியிருந்தார்: சிமுலேஷனைத் துல்லியமாக்கப் பாடுபடுவதோடு நிற்காதே, அதில் வேண்டுமென்றே இரைச்சலைக் கல. உராய்வும் உணரியின் அளவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறினால், ஒரே ஒரு தரையை நம்பி வாழும் உடல் செத்துப்போகும். எந்தத் தரையிலும் தாக்குப்பிடிப்பது மிஞ்சும். இன்று நாலு கால் ரோபோக்களைப் பழக்கும் நிறுவனங்கள் புதுப் பெயர் சூட்டிச் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். பரிசோதனைச் செடியைத் தினமும் ஒரே தொட்டியில் வைக்காமல், மேட்டுக்காட்டிலும் வாய்க்கால் கரையிலும் நட்டுப் பார்ப்பது போன்ற வேலை.

இங்கே ஒரு மறுப்பு வரும். கோழி உயிர், ரோபோ பொறி. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? கோழியின் உடல் கோடிக்கணக்கான ஆண்டுச் சுமையோடு வருகிறது, கணினி உருவத்துக்கு அந்தச் சுமை இல்லையே. வேறுபாடு உண்மைதான், ஆனால் அது என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தபோது, எடையோடு பசியும் சேர்ந்து வந்துவிட்டது. கறிக்கோழியைப் பெறும் பிரீடர் கோழிகளை வயிறு நிரம்பத் தின்ன விட்டால் கொழுத்து, முட்டை குறைந்து, சீக்கிரம் சாகின்றன; ஆகவே அவற்றுக்கு அளந்து போட்டு அரைப் பட்டினியில் வைக்க வேண்டியிருக்கிறது. சதை வளர்ந்த வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்காமல் வயிற்றில் நீர் கோர்த்தது, கால் தளர்ந்தது. இனவிருத்தி நிறுவனங்கள் பிறகு தராசில் கால் வலிமையையும் சேர்த்தன. ரத்தத்தின் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரைக் கோழிக்கும் மாட்டிப் பார்த்துத் தேர்ந்தார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் முட்டைக் கோழிகளில் செய்த சோதனை இதைவிடக் கூர்மையானது. தனிக்கோழியின் முட்டைக் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தால், கூண்டில் மற்றவற்றைக் கொத்தித் தான் தின்னும் சண்டைக்கோழியும் தேறிவிடும். மியூர் கூண்டு முழுவதையும் ஒரு குடும்பமாக வைத்து, கூண்டின் மொத்தக் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தார். இரண்டாம் தலைமுறையில் 68 சதவீதமாக இருந்த சாவு, சில தலைமுறைக்குள் 8.8 சதவீதமாக இறங்கியது. கோழி மாறியது, அதற்கு முன்னால் அளக்கும் இடம் மாறியது. சிம்ஸின் பனைமர உருவத்துக்கும் மியூரின் சண்டைக்கோழிக்கும் நோய் ஒன்றே.

ஒரே எண்ணில் எல்லாவற்றையும் அடக்குவதே கோளாறு என்றால், எண்களைப் பிரித்தே வைத்தால் என்ன? இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் விடைகளில் ஒன்று இந்தியாவில் எழுதப்பட்டது. திரிபுராவில் பிறந்த கல்யாண்மய் தேப், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்தியவர். 1994-இல் என். ஸ்ரீனிவாஸுடன் சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார். அதன் திருந்திய வடிவம் 2002-இல் வந்தது; உடன் எழுதியவர்கள் அம்ரித் பிரதாப், சமீர் அகர்வால், டி. மெய்யறிவன். என்.எஸ்.ஜி.ஏ.-2 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் சாரத்தைக் கோழிச் சந்தையிலேயே விளக்கலாம். ஒரு கோழி எடையிலும் கால் வலுவிலும் இன்னொன்றை மிஞ்சினால், அது சந்தேகமில்லாமல் மேல். ஒன்று எடையில் மேல், மற்றது காலில் மேல் என்றால் யாரையும் கழிக்காதே, இரண்டையும் வைத்துக்கொள். இப்படி எவராலும் எல்லா வகையிலும் மிஞ்சப்படாதவை ஒரு வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் ஒரே இடத்தில் நெரிசல் சேராமல், பரவலாக நிற்பவற்றுக்கு முன்னுரிமை கொடு. கடைசியில் எதை எடுப்பது என்பதை மனிதர் கண்ணால் பார்த்து முடிவு செய்யட்டும். அதே 2002-இல் திலீப் குமார் பிரதிஹார், தேப், அமிதாப கோஷ் மூவரும் ஆறு கால் ரோபோ ஒன்றின் பாதையையும் நடையையும் மரபுவழி நிரல்கொண்டு ஒருசேர வகுத்தார்கள். தரையில் ஊன்றிய கால்கள் குறைவாக இருக்க வேண்டும். ஊன்றிய கால் அடுத்த அடிக்கு நீள வேண்டிய இடைவெளியும் தாராளமாக இருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறுக்கே நிற்கும். இந்த இழுபறி கோவைக்குப் புதிதும் அல்ல. 1912-இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் செய்தது, தித்திப்பான தடிக்கரும்பையும் ஆற்றங்கரையில் தானே முளைக்கும் பேய்க்கரும்பையும் இணைத்ததுதான். தடிக்கரும்பு வடநாட்டுக் குளிரைத் தாங்காது. பேய்க்கரும்பு எதையும் தாங்கும், ஆனால் சாறு கிடையாது. 1918-இல் பஞ்சாபுக்குப் போன கோ 205 இந்த இரண்டுக்கும் இடையில் நின்ற பயிர். ‘கோ’ கோயம்புத்தூரைக் குறிக்கும் எழுத்து. சர்க்கரையை மட்டும் அளக்கும் நடுவர் இருந்திருந்தால் பேய்க்கரும்பு முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும்.

கோழியும் ரோபோவும் ஒன்றா என்ற மறுப்பைவிட வலுவான மறுப்பு துறைக்குள்ளிருந்தே வந்தது. ஜோயல் லேமனும் கென்னத் ஸ்டான்லியும், இலக்கை அளப்பதையே விட்டுவிடலாம் என்றார்கள். குழப்பமான ஒரு சந்து வழியில், வெளிவாசலுக்கு எவ்வளவு நெருங்கினாய் என்று மதிப்பெண் போட்டால் ரோபோக்கள் வாசலுக்கு எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். சரியான வழி முதலில் வாசலை விட்டு விலகித்தான் போகிறது. அதற்குப் பதிலாக, இதுவரை யாரும் போகாத இடத்துக்குப் போனவற்றை மட்டும் தேர்ந்தார்கள். 2011-இல் வெளிவந்த அந்தக் கட்டுரைக் கணக்கில், புதுமையைத் தேடிய ஓட்டங்கள் 40-இல் 39 முறை வாசலைக் கண்டன. இலக்கைத் துரத்தியவை 3 முறைதான். அப்படியானால் தராசே வேண்டாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது புதுமை என்பதை முடிவு செய்ய, ஓட்டம் முடிந்தபோது ரோபோ எந்த இடத்தில் நின்றது என்பதை அவர்கள் ஒப்பிட்டார்கள். சக்கரம் எத்தனை தடவை சுழன்றது என்பதை ஒப்பிட்டிருந்தால், நின்ற இடத்திலேயே விதவிதமாகச் சுழலும் ரோபோக்கள் கிடைத்திருக்கும். அவர்கள் தட்டை மாற்றினார்கள், தராசைத் தூக்கிப் போடவில்லை.

இன்று இந்த முறைக்கே வயதாகிவிட்டது என்பாரும் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சாம் க்ரீக்மன் குழு 2023-இல் காட்டிய நிரலுக்குத் தலைமுறைகளும் பகடையும் தேவைப்படவில்லை. நடக்கத் தெரியாத ஒரு கட்டியில் தொடங்கி, எந்த இடத்தை எப்படி மாற்றினால் நடை கூடும் என்று கணிதத்தால் பின்னோக்கிப் பார்த்துத் திருத்தியது. பத்தே முயற்சி, சாதாரண மடிக்கணினியில் 26 விநாடி. மூன்று கால்களும், உடம்பெங்கும் ஓட்டைகளுமாக ஒரு நடக்கும் உரு. அச்சில் வார்த்து, சிலிகானில் எடுத்து, காற்றைச் செலுத்தி ஊதவும் இறக்கவும் செய்தபோது அது தரையிலும் நடந்தது. பெர்லினின் ஆணிப்பலகை சில நூறு முயற்சிகளில் செய்ததை இது பத்தில் செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதனிடம் கேட்டது முன்னால் நகரும் தூரம் ஒன்றையே. திரும்பவோ, குப்புற விழுந்தால் எழவோ, பாரம் சுமக்கவோ யாரும் கேட்கவில்லை. அதற்கான உறுப்பு எதுவும் அந்த உடம்பில் முளைக்கவுமில்லை. இதே க்ரீக்மன், ஜோஷ் பொங்கார்டும் மைக்கேல் லெவினும் உள்ள குழுவோடு சேர்ந்து 2020-இல், கணினிக்குள் பரிணமித்த உருவங்களைத் தவளையின் செல்களால் செய்து நகரவிட்டார்கள். அங்கே தராசுக்கு அடியில் மறுபடியும் உயிர் வந்து நின்றது. அந்தச் செல்களின் கதையை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)